ஒன்பது பேர் போனார்கள்

இரண்டாம் நாள் மதியம் சாப்பாட்டு மணி அடித்தபோது பாய்லருக்குள்ளிருந்து பத்துப் பேர் வெளியே வந்தார்கள். காலையில் உள்ளே போனவர்கள் ஒன்பது பேர்.

அவள் முதலில் தன்னைத்தான் சந்தேகப்பட்டாள். புது இடம், காதைக் கிழிக்கும் இரைச்சல், முந்தின இரவு சரியான தூக்கமில்லை. எண்ணுவதில் ஒன்று தவறியிருக்கலாம். ஆனால் ரிஜிஸ்டரில் ஒன்பது எண்கள் அவள் கையெழுத்திலேயே ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. பலகையில் தொங்கிய ஒன்பது பித்தளை டோக்கன்களையும் அவளேதான் ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தாள். பத்தாவது ஆள் வந்து கையை நீட்டியபோது வெறும் கொக்கிகள்தான் மிச்சமிருந்தன.

அந்த மின் நிலையத்தில் பாய்லர் என்பது பத்து மாடி உயரத்துக்கு நிற்கும் ஒரு இரும்புக் கூடு. ஆண்டுக்கு ஒருமுறை நெருப்பை அணைத்து, ஆறவிட்டு, உள்ளே ஆட்களை இறக்கிப் பழுது பார்ப்பார்கள். உள்ளே போக ஒரே வழி, முழங்கால் உயரத்தில் இருந்த ஒரு நீள்வட்ட ஓட்டை. தலையையும் ஒரு தோளையும் முதலில் நுழைத்து, பிறகு இடுப்பை வளைத்து இழுத்துக்கொள்ள வேண்டும். நட்ட நடுப் பகலிலும் அந்த ஓட்டைக்கு அப்பால் கும்மிருட்டு. அதிலிருந்து எந்நேரமும் ஒரு வாடை வந்துகொண்டே இருக்கும்: நனைந்த சாம்பலும் கருகிய இரும்பும் கலந்த, தீக்குச்சியைத் தண்ணீரில் முக்கினால் எழுமே, அந்த மாதிரியான வாடை. உள்ளே யாராவது சுத்தியலால் அடித்தால் சத்தம் ஓட்டை வழியாக வராது. சுவர் முழுக்க ஓடும் தண்ணீர்க் குழாய்கள் வழியாக எங்கெங்கோ சுற்றி, அவள் உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் வழியாக முதுகுத்தண்டில் ஏறும்.

அந்த நாற்காலிதான் அவளுக்குக் கொடுக்கப்பட்ட பயிற்சி. உள்ளே போகிறவர் தன் டோக்கனை அவளிடம் தர வேண்டும், அவள் எண்ணை எழுதிக்கொண்டு பலகையில் மாட்ட வேண்டும், வெளியே வரும்போது திருப்பித் தர வேண்டும். பலகை காலியானால் பாய்லர் காலி. வேலையெல்லாம் முடிந்த அன்று, உள்ளே ஆள் இல்லை என்று அந்த நாற்காலியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டால்தான் ஓட்டையை மூடி நெருப்பு வைக்க முடியும். நிரந்தர ஊழியர் எவரும் அந்த நாற்காலியில் உட்காரச் சம்மதிப்பதில்லை என்பது அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அவளும் தம்பியும் ஒரே கல்லூரி, ஒரே வகுப்பு. பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலை வந்து அவளுக்கு ஒரு வருடம் போனதில், பின்னால் வந்தவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். வகுப்பில் அத்தனை பேர் முன்னாலும் வேண்டுமென்றே "அக்கா, பேனா இருக்கா" என்று கத்தி மானத்தை வாங்குவான். பயிற்சி முடித்துச் சான்றிதழ் கொடுத்தால்தான் கடைசிப் பருவத் தேர்வு எழுத முடியும். ஏழெட்டு இடங்களில் கதவைத் தட்டி, கடைசியில் கிடைத்தது இது ஒன்றுதான்.

முதல் நாள் ஃபோர்மேன் அவர்களுடைய கடிதத்தை இரண்டு முறை படித்தார். "ஒரே லெட்டர்ல ரெண்டு பேரா? வீட்டுல இன்னும் யாராச்சும் இருந்தா அவங்களையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார். பிறகு அதை நாலாக மடித்து டீ கிளாஸுக்கு அடியில் வைத்துக்கொண்டார். அன்று முதல் தம்பிக்கு டீ வாங்கிவரும் வேலை, அவளுக்கு நோட்டு எழுதும் வேலை. இரண்டு நாளில் அதுவே பெயராகிவிட்டது. அவன் 'டீ', அவள் 'நோட்டு'. யாரும் அவர்களுடைய உண்மையான பெயரைக் கேட்கவில்லை. கேண்டீனில் அவர்கள் உட்கார்ந்த மேசையில் வேறு யாரும் உட்காரவில்லை. அவள் எதையாவது கேட்டால் வெல்டர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, பதிலை அவளிடம் சொல்லாமல் ஃபோர்மேனிடம் சொன்னார்கள்.

அதனால் பத்தாவது ஆளைப் பற்றி ஃபோர்மேனிடம் சொல்வதற்கே அவள் தன்னைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. அவர் ரிஜிஸ்டரை வாங்கிப் பார்த்தார். முகத்தில் ஆச்சரியம் இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"ஆள் குறைஞ்சா என்கிட்ட வா. கூடினதுக்கெல்லாம் எதுக்கு வர்ற?"

அவரே பேனாவை எடுத்து, உள்ளே போனவர் என்ற இடத்தில் இருந்த ஒன்பதைப் பத்தாக்கினார். இரண்டு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றார். அந்த ரிஜிஸ்டரில் குறைவதற்கு ஒரு கட்டம் இருந்தது. அதில் சிவப்பு மையால் எழுதி மணியடிக்க வேண்டும். கூடுவதற்குக் கட்டமே இல்லை. இன்னொன்றும் சொன்னார்: வெளியே வருகிறவர்களிடம் எண் கேட்டு நிற்க வைக்கக் கூடாது. நாலு மணி நேரம் சாம்பலைத் தின்றுவிட்டு வருகிறார்கள். கையில் அகப்படுகிற டோக்கனைக் கொடு, வெளியில் போய் அவர்களே மாற்றிக்கொள்வார்கள். நீட்டுகிற கைக்குக் கொடு.

மூன்றாம் நாளும் ஒன்பது பேர் போனார்கள், பத்துப் பேர் வந்தார்கள்.

இந்த முறை அவள் கடைசி ஆளைக் கவனித்தாள். வெளியே வரும் எல்லோருமே ஒரே மாதிரிதான் இருப்பார்கள்; தலை முதல் கால் வரை சாம்பல், முகத்தில் மூடி, கண்ணில் கண்ணாடி. ஆனால் மற்றவர்கள் ஓட்டையிலிருந்து வரும்போது முனகுவார்கள், திட்டுவார்கள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்வார்கள். இந்த ஆள் தண்ணீர் வழிவதைப் போல, இடித்துக்கொள்ளாமல் வந்தார். நேரே அவளிடம் வந்தார். கையை நீட்டினார். கையுறை இல்லை. உள்ளங்கையில் ரேகைகள் தெரியவில்லை. சாம்பல் அப்பியிருந்தால் யாருக்கும்தான் தெரியாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

"உங்க டோக்கன் என்கிட்ட இல்லீங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்தார். காலிக் கொக்கிகளை ஒவ்வொன்றாக, வரிசை வரிசையாக, பொறுமையாகப் பார்த்தார். யாரோ கூப்பிட்டது போலிருக்கவே அவள் திரும்பினாள். மறுபடி பார்த்தபோது ஆள் இல்லை. கை கழுவப் போயிருப்பார் என்று நினைத்தாள். தரையில் பார்த்தாள். அத்தனை பேரின் பூட்ஸ் தடங்களும் குழாயடிப் பக்கம் போயிருந்தன. அவற்றுக்கு நடுவே வெறுங்காலின் தடம் ஒன்று, அவள் மேசை வரை வந்து, திரும்பி, ஓட்டைக்கே போயிருந்தது.

அவள் ரிஜிஸ்டரில் தானாகவே ஒன்பதைப் பத்தாக்கினாள். யாரும் சொல்லவில்லை. கை பழகிவிட்டது.

அன்று மாலை கம்பெனி பஸ்ஸில் தம்பியிடம் சொன்னாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "அப்போ ஒரு ஆளு சம்பளமே வாங்காம வேலை பாக்கறாருன்னு சொல்லு. கம்பெனிக்கு லாபம்க்கா. இதைக் கண்டுபிடிச்சதுக்கு உனக்கு ரெண்டு சான்றிதழ் தரணும்." அவள் சிரிக்காததைப் பார்த்து அவனும் நிறுத்திக்கொண்டான். நாளைக்கு டீ கொண்டுவரும் சாக்கில் பக்கத்திலேயே நின்று தானும் எண்ணுவதாகச் சொன்னான்.

நான்காம் நாள் அவன் டீ கேனோடு நின்றான். வெளியே வரும் ஒவ்வொருவருக்கும் ஒரு கிளாஸ் நீட்டியபடி உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தான். ஒன்பதுக்குப் பிறகு ஓட்டையில் ஒன்றுமில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. அவன் அவளைப் பார்த்துக் கண்ணடித்தான்.

பிறகு ஒரு கை வந்து ஓட்டையின் விளிம்பைப் பற்றியது.

தம்பியின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை அவள் பார்த்தாள். ஆனால் அவன் பின்வாங்கவில்லை. அவன் சுபாவம் அது. ஒருவரை விட்டுவிட்டு மற்றவர்களுக்கு மட்டும் கொடுக்க அவனுக்கு வராது. கேனைச் சாய்த்து கடைசிக் கிளாஸை நிரப்பி நீட்டினான்.

"அண்ணே, டீ சாப்பிடறீங்களா?"

அந்த ஆள் நின்றார். அதுவரை பலகையை மட்டுமே பார்த்த அந்த முகம் மெதுவாகத் திரும்பியது. கண்ணாடிக்குப் பின்னால் கண் தெரியவில்லை. தம்பியை உச்சி முதல் பாதம் வரை பார்த்தது. தோளின் அகலத்தை, கைகளின் நீளத்தை, நிற்கும் விதத்தை. தையற்காரர் அளவெடுப்பது போல.

கிளாஸை வாங்கிக்கொண்டது.

இருவரும் மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது கிளாஸ் ஓட்டையின் விளிம்பில் இருந்தது. நிரம்பித் ததும்ப, மேலே ஆடை கட்டினாற்போல் சாம்பல் படிந்து. தம்பி அதைத் தூக்கி ஊற்றினான். மாலை பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அவன், நாளையோடு முடிகிறது, சான்றிதழை வாங்கிக்கொண்டு இந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாது என்றான்.

ஐந்தாம் நாள் ஆய்வாளர் வந்தார். மூடுவதற்கு முன் உள்ளே ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டியது அவர் வேலை. பருத்த உடம்பு, அடித்தளத்தில் குழாய்கள் சரிந்து இறங்கும் மூலைக்குள் அவரால் போக முடியாது. விளக்குப் பிடித்துக்கொண்டு அங்கே நுழைய ஒல்லியான ஆள் வேண்டும் என்றார். ஃபோர்மேன் சுற்றிலும் பார்த்தார். பார்வை தம்பியிடம் வந்து நின்றது.

அவள் எழுந்துவிட்டாள். தான் போவதாகச் சொன்னாள். நாற்காலியை விட்டு நகர்ந்தால் இருவருக்குமே சான்றிதழ் இல்லை என்று ஃபோர்மேன் சொன்னார். சத்தம் போட்டுக்கூடச் சொல்லவில்லை.

தம்பிக்கு உள்ளூர ஆசைதான். ஐந்து நாளாக டீக் கேன் தூக்கியவனுக்கு முதல் முதலாக ஒரு வேலை. முகமூடியின் வாரைத் தலைக்குப் பின்னால் இழுத்துக் கட்டிக்கொண்டான். பயிற்சிக்காரர்களுக்கென்று இருந்த முப்பத்தொன்றாம் எண் டோக்கனை அவள் கையில் வைத்தான்.

"டீ உள்ள போகுது. நோட்டு, எழுதிக்கோ."

வெல்டர்கள் சிரித்தார்கள். அவர்கள் சிரித்து அவள் பார்த்தது அந்த ஒரு முறைதான். அவன் தலையை நுழைத்தான், தோளை நுழைத்தான். பூட்ஸ் இரண்டும் ஒரு கணம் வெளியே உதைத்துக்கொண்டு நின்றன. பிறகு அவையும் போய்விட்டன.

ஒன்பது பேர், ஆய்வாளர், தம்பி. பதினொன்று. மூன்று முறை எண்ணினாள். பலகையில் பதினொரு டோக்கன்கள். அவை லேசாக ஆடிக்கொண்டிருந்தன.

ஒரு மணி நேரம் ஆயிற்று. விளக்குகளுக்குப் போகும் ஒயர் ஓட்டையின் விளிம்பில் கிடந்து, உள்ளே யாரோ நகர நகரத் தானும் நெளிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நெளியும் வரை அவன் நடமாடுகிறான். சுத்தியல் சத்தம் ஒவ்வொன்றாக ஓய்ந்தது. சாரம் பிரித்த இரும்புகள் ஏற்கெனவே வெளியே வந்திருந்தன. குழாய்களில் பேச்சுக்குரல் மாதிரி ஏதோ ஓடி, தேய்ந்து, நின்றது.

வர ஆரம்பித்தார்கள். வெல்டர்கள். உதவியாட்கள். ஆய்வாளர் மூச்சு வாங்க வந்து, எல்லாம் சரியாக இருக்கிறது, உங்கள் பையன் விளக்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு வருவான் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார். அவள் நீட்டிய கைகளுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டே இருந்தாள். எட்டு. ஒன்பது. பத்து.

ஒரு டோக்கன் மிச்சம்.

ஓட்டையில் ஒரு கை தெரிந்தது. சாம்பல் பூசிய தலை, ஒல்லியான தோள், பிறகு முழு உடம்பு. முகமூடி. கண்ணாடி. கால்களில் பூட்ஸ். அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது. "எவ்வளவு நேரம்டா" என்று திட்டியபடியே, பலகையில் இருந்த கடைசி டோக்கனைக் கழற்றி, நீட்டிய கையில் வைத்தாள்.

விரல்கள் மூடிக்கொண்டன. ஒவ்வொன்றாக.

அவன் போய்க் கைப்பிடிக் கம்பியருகே நின்றான். அவள் ஓட்டையையே பார்த்தாள். ஐந்து நிமிடம். பத்து நிமிடம். கூடுதலாக எவரும் வரவில்லை. பலகை காலி. பதினொன்று போய், பதினொன்று வந்திருந்தது. மூன்று நாளுக்குப் பிறகு முதல் முறையாக எதையும் திருத்தாமல் இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தன. அவளுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தை அவள் தன் ஆயுள் முழுக்க மன்னிக்கவில்லை.

விளக்கு எங்கே என்று ஃபோர்மேன் கேட்டார். தம்பியின் கை வெறுமையாக இருந்தது. ஃபோர்மேன் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு மின்சாரத்தை நிறுத்திவிட்டு ஒயரைப் பிடித்து இழுத்தார். அது சரசரவென்று வந்துகொண்டிருந்தது. நடுவில் நின்றது. அவர் இழுத்தார். விறைத்தது. உள்ளேயிருந்து ஒரு முறை, லேசாக, ஒயர் பின்னுக்குப் போனது.

"எங்கயோ மாட்டுது" என்றார் ஃபோர்மேன். காலை ஓட்டையின் விளிம்பில் ஊன்றி, இரண்டு கையாலும் வெட்டி இழுத்தார். விட்டுக்கொடுத்தது. விளக்கு தரையில் உருண்டு வந்து அவள் காலடியில் நின்றது. அதன் கைப்பிடியில் சாம்பல் இல்லாமல் துடைத்தெடுத்த நான்கு விரல் அகலம் இருந்தது. ஈரமாக.

அவள் குனிந்து ஓட்டைக்குள் தலையை நீட்டினாள். இருட்டு முகத்தில் அப்பியது. "யாராவது இருக்கீங்களா" என்று கூப்பிட்டாள். இந்த ஐந்து நாளும் அந்தக் கூட்டுக்குள் எது சொன்னாலும் உடனே பத்தாய்த் திரும்பி வரும். இப்போது வரவில்லை. உள்ளே எதுவோ அவள் குரலைக் காதுகொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தது போலிருந்தது. இன்னொரு முறை கூப்பிட வாயெடுத்தாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. திரும்பினாள். தம்பி நின்றான். முகமூடியோடு, தலையைச் சாய்த்து, அவன் எப்போதும் சாய்க்கிற பக்கம்.

இவன் இங்கே நிற்கிறான். பிறகு உள்ளே யார் இருக்க முடியும்?

கையெழுத்துப் போட்டாள்.

இரும்பு மூடியை நான்கு பேர் தூக்கிப் பொருத்தினார்கள். இருபத்துநான்கு போல்ட். ஒவ்வொன்றாக முறுக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அவள் ரிஜிஸ்டரின் பக்கங்களைப் புரட்டினாள். ஒன்பது, பத்து. ஒன்பது, பத்து. ஒன்பது, பத்து. அடித்துத் திருத்திய எண்கள். தினமும் ஒன்று கூடுதல். தினமும் கடைசியில். தினமும் கை நீட்டி, டோக்கன் இல்லாமல் திரும்பிப்போன ஒன்று.

இன்று சரியாக இருந்தது.

தினமும் ஒன்று கூடுகிற இடத்தில் இன்று சரியாக இருந்தால்.

கடைசி போல்ட் முறுகி நின்றது. அந்த அமைதியில், நாற்காலியின் கால்கள் வழியாக, அவள் முதுகுத்தண்டில் ஏறியது.

டக். டக். டக்.

அவள் ஃபோர்மேனைப் பார்த்தாள். அவருக்கும் கேட்டிருந்தது. "குழாய் சூடாகறப்போ அப்படித்தான் சத்தம் போடும்" என்றார்.

"இன்னும் நெருப்பே வைக்கலியே."

அவர் கையுறையைக் கழற்றிப் பாக்கெட்டில் செருகிக்கொண்டார்.

அவள் மூடியின்மேல் பாய்ந்தாள். வெறுங்கையால் போல்ட்டைத் திருகினாள். நகம் பெயர்ந்தது. தம்பி உள்ளே இருக்கிறான், திறவுங்கள் என்று கத்தினாள். ஷிப்ட் இன்ஜினியர் ஓடிவந்தார். ஆறு மணிக்கு மின்சாரம் கொடுத்தாக வேண்டும், மேலிடத்திலிருந்து போன் மேல் போன் வருகிறது, இதென்ன கூத்து என்றார். ஃபோர்மேன் கைப்பிடிக் கம்பியைச் சுட்டிக்காட்டினார். "தம்பி அதோ நிக்கறான். பயிற்சிக்கு வந்த பொண்ணு, பயந்துருச்சு."

அவள் அவனிடம் ஓடினாள். முகமூடியை எடு என்றாள். அது எடுத்தது.

தம்பியின் முகம். மூக்கு அவன் மூக்கு. இடது புருவத்தில் சைக்கிளிலிருந்து விழுந்த தழும்பு. எல்லாமே அதனதன் இடத்தில். நாலுபேர் சுற்றி நின்று, பார்த்தாயா என்பது போல் அவளைப் பார்த்தார்கள்.

ஆனால் அத்தனை இறுக்கிக் கட்டிய முகமூடியைக் கழற்றினால் கன்னத்தில் வார் அழுந்திய தடம் இருக்கும். மூக்குத் தண்டில் சிவந்திருக்கும். வேர்வை இருக்கும். ஐந்து நாளாக வெளியே வந்த ஒவ்வொரு முகத்திலும் பார்த்திருக்கிறாள். இந்த முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. வழவழவென்று. முகமூடியின் உட்புறம் காய்ந்து கிடந்தது. அதற்குள் யாரும் மூச்சே விட்டதில்லை.

"இவன் இல்ல" என்றாள். "சார், இவன் இல்ல சார்."

டக். டக்.

இரண்டு பேர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டார்கள். இன்ஜினியர் போனை எடுத்து ஏதோ சொன்னார். எங்கோ மேலே, நெருப்புக்குக் காற்று ஊதும் காற்றாடிகள் சுழல ஆரம்பித்தன. முதலில் ஒரு முனகல். பிறகு தரை அதிர்ந்தது. பிறகு வேறெதுவும் கேட்கவில்லை. குழாய்ச் சத்தம் கேட்கவில்லை. அவள் கத்துவது அவளுக்கே கேட்கவில்லை. ஃபோர்மேன் அவள் காதருகே குனிந்தார்.

"வருஷா வருஷம் இந்த நாற்காலியில இருக்கறவங்க இப்படித்தான் கத்துவாங்க. அடங்கிரும்."

பாய்லர் சுவரின் சிறு கண்ணாடி ஜன்னலில் சட்டென்று நெருப்பின் மஞ்சள் ஒளி வந்தது.

இரண்டு சான்றிதழ்களையும் அன்றே கொடுத்துவிட்டார்கள். முத்திரையெல்லாம் சரியாக இருந்தது. யாரோ அவளை பஸ்ஸில் ஏற்றினார்கள். அது பக்கத்து இருக்கையில் வந்து உட்கார்ந்தது. வழி நெடுக ஜன்னல் வழியே வெளியே பார்த்தது. கடைகளை, விளக்குகளை, சாலையைக் கடக்கிற ஆட்களை. அவள், அம்மா பார்த்தால் போதும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாமல் போகாது. அம்மா கதவைத் திறந்ததும் ஒரே பார்வையில் கண்டுகொள்வாள், அலறுவாள், அப்புறம் உலகம் நம்பும்.

அம்மா கதவைத் திறந்தாள். அடுப்பில் ஏதோ இருந்தது. "என்ன கோலம்டா இது, நேரா பாத்ரூமுக்குப் போ, எதையும் தொடாத" என்றாள். அவ்வளவுதான். அது போயிற்று. தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அவள் கூடத்துச் சுவரோடு ஒட்டி நின்றாள். அம்மா அவள் பெயர்ந்த நகங்களைப் பார்த்தாள், என்னவென்று கேட்கவில்லை. அதுதான் அவளை முதலில் நடுக்கியது.

அது வந்து ஸ்டூலில் உட்கார்ந்தது. தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, சாம்பல் நிறத்தில். ஒரு நாளாவது ஒழுங்காத் தலை துவட்டியிருக்கியா என்று சொல்லிக்கொண்டே அம்மா துண்டைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தாள். துண்டு கறுத்தது. அம்மா அதைப் போட்டுவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதுவும் கறுத்தது.

"இன்னொண்ணு எடுத்துட்டு வா."

கொண்டுவந்தாள். கொடுக்கும்போது அம்மாவின் கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை சாம்பல். மூன்றாவது துண்டை அம்மா அந்தத் தலைமேல் விரித்து, இரு பக்கமும் உள்ளங்கைகளை வைத்து, மெதுவாகத் தேய்த்தாள். குழந்தைக்குத் துவட்டுவது போல. தேய்க்கத் தேய்க்கக் கைகள் நெருங்கின. துண்டின் ஓரங்களிலிருந்து பொடிப்பொடியாக ஏதோ உதிர்ந்துகொண்டிருந்தது. கைகள் இன்னும் நெருங்கின. தலை இருக்க வேண்டிய இடத்தைத் தாண்டி நெருங்கின.

ஸ்டூலில் அந்த உடம்பு நிமிர்ந்து, முழங்கால்மேல் கைகளை வைத்து, அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

துண்டுக்குள் அம்மாவின் உள்ளங்கைகள் ஒன்றையொன்று தொட்டன.

அம்மா நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். கண் நிறையத் தண்ணீர். ஆனால் குரல் பதறவில்லை.

"யாருகிட்டயும் சொல்லாத. எனக்கு இதாவது இருக்கட்டும். கதவைச் சாத்து" என்றாள்.

பிறகு குனிந்து, அந்த வெறும் துண்டைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.